சிங்கம் பல் துலக்குமா?

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், பல் துலக்காத ராஜா ஒருவர் இருந்தார். சோம்பேறி அல்ல. பட்டம் சூட்டிக்கொண்ட மறுநாள் காலை வேப்பங்குச்சியும் கையுமாக நின்றவரைப் பார்த்து, "பிரபோ, சிங்கம் எங்காவது பல் துலக்குமா?" என்று மந்திரி அம்பலவாணர் கேட்டுவிட்டார். ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. குச்சியை வீசியவர்தான், பத்து வருடமாகத் தொடவில்லை. தினமும் படுக்கப்போகுமுன் இரண்டு அதிரசம் தின்பார். வாய்கூடக் கொப்பளிப்பதில்லை.

அந்தச் சபையில் ராஜாவிடம் பேசுகிறவர்கள் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். வருடம் ஆக ஆக அந்தக் கைகள் மெல்ல மேலேறி மூக்கையும் மூடிக்கொண்டன. மரியாதை கூடுகிறது என்று ராஜா மகிழ்ந்து, அதையே சட்டமாகவும் எழுதி முத்திரை வைத்தார். அவருக்கு மரியாதை நிறையத் தேவைப்பட்டது. ஊரே வணங்கும் அந்த மனிதருக்கு வீட்டில் பார்க்கக் கிடைத்தது ராணியின் முதுகு மட்டும்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சபையிலேயே வெடித்தார். "ராணியை என்னிடமிருந்து பிரித்தவன் இந்த அரண்மனையில்தான் இருக்கிறான். நாளைக்குள் அவனை என் முன் நிறுத்த வேண்டும்!"

விகடகவி செவ்வந்தியப்பன்மேல் அம்பலவாணருக்கு நெடுநாள் பொறாமை. "இது நம் செவ்வந்தியப்பனால்தான் ஆகும், பிரபோ," என்றார் பொத்திய கைக்குள்ளிருந்து. "தவறினால் நாக்கை அறுத்துவிடலாம். ராஜாவின் திருமேனியில் குறை சொல்பவனுக்கும் அதே தண்டனைதானே?"

காரணம் சபையில் எல்லாருக்கும் தெரியும். செவ்வந்தியப்பன் சொன்னாலும் நாக்கு போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

மறுநாள் அவன் தனியாக வந்து நின்றான்.

"எங்கே அவன்?"

"சபைக்கு வந்துவிட்டான், மகாராஜா. ஆனால் முதலில் புகாரைக் கேட்க வேண்டுமே. புகார் சொல்பவர் எவராயினும் சிம்மாசனத்துக்குக் கீழே நின்று, வாயையும் மூக்கையும் சேரப் பொத்திக்கொண்டு மூன்று தரம் சொல்ல வேண்டும். தாங்கள் முத்திரை வைத்த சட்டம்."

"அட திமிர் பிடித்தவனே!" என்று அம்பலவாணர் துள்ளினார்.

ராஜாவுக்குத் தம் சட்டங்கள்மேல் பிரியம் அதிகம். இறங்கி வந்தார். காலிச் சிம்மாசனத்தின் முன் நின்று, பட்டம் சூடியபின் முதல்முறையாக வாயையும் மூக்கையும் பொத்தினார்.

"என் ராணி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

புருவம் நெளிந்தது.

"என் ராணி என்னிடம்..." பாதியில் நின்றார். கண்ணில் நீர் கோத்தது.

மூன்றாம் தரம் அவர் வாயே திறக்கவில்லை. பொத்திய கையோடு சபையைச் சுற்றிப் பார்த்தார். எதிரே வரிசையாக அறுபது கைகள். பத்து வருடம் தாம் சேர்த்துவைத்திருந்த மரியாதை என்னவென்று அவருக்குப் புரிந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த ராணியிடம், "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மெதுவாக.

"தினமும் திரும்பிப் படுத்தேன். ஏன் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?"

ராஜா விகடகவியிடம் திரும்பினார். "செவ்வந்தியப்பா, சிங்கம் பல் துலக்குவதில்லை என்றுதானே..."

"உண்மைதான், மகாராஜா. அதனால்தான் சிங்கத்தின் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை."

சபை மூச்சை அடக்கியது. அது அவர்களுக்குப் பழக்கமானதுதான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலை செவ்வந்தியப்பன் கழுத்துக்குப் போயிற்று. அம்பலவாணருக்கும் ஒரு பதவி கிடைத்தது: தினமும் காலையிலும் இரவிலும் வேப்பங்குச்சி, உப்புநீர், நாக்கு வழிப்பான் மூன்றையும் ஏந்தி நிற்க வேண்டும். துலக்கி முடித்ததும், கை பொத்தாமல் அருகே வந்து முகர்ந்து, போதுமா என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் மந்திரி பாதியாக இளைத்தார். மூன்றாம் வாரம் ராணி இந்தப் பக்கம் திரும்பி, "அதிரசம் தின்றீர்களா?" என்று கேட்டாள்.

"கொப்பளித்துவிட்டேன்," என்றார் ராஜா, எந்தப் போர் வெற்றியையும் அறிவித்திராத பெருமையோடு.