குடுவை நிறைய உயிர்

ஒரு நாற்காலி காலியானால் நாலு பேருக்குத் தூக்கம் போகும். அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியல் உற்பத்தி மையத்துக்கு இயக்குநர் தேடினார்கள். பேராசிரியர் சடகோபனுக்குத் தூக்கம் போயிற்று. பாம்புக்கடிக்கு மருந்து சுரக்கும் ஈஸ்டைப் பெற்ற பிள்ளைபோல வளர்த்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வளர்த்தவள் தற்காலிக உதவியாளர் வடிவு. சடகோபன் ஆய்வகப் படியை மிதித்தே வருஷக்கணக்காகிறது.

"நாளைக்குத் தேர்வுக்குழு முன்னாடி அந்த ஈஸ்ட் வரணும்," என்றார் வடிவிடம்.

"சார், புயலப்போ கரண்ட் போயி..."

"காரணம் கேக்கல. குடுவை நிறைய உயிரோட வேணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல."

மறுநாள் பஞ்சடைத்த குடுவையில் வெள்ளையாய்க் கலங்கிய நீரைக் கொண்டுவந்து வைத்தாள் வடிவு. சடகோபன் தூக்கிக் காட்டினார். "கண்ணுக்குள்ள வெச்சு வளர்த்தது! ஆயிரம் குடுவைக்கு நடுவுலயும் அடையாளம் சொல்வேன்."

குழுத் தலைவி வடிவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"உயிரோட கேட்டார், உயிரோடதான் இருக்கு மேடம். ஆனா அது என் மத்தியானச் சாப்பாடு, புளிச்ச நீராகாரம். சாரோட பிள்ளை புயலப்போ கரண்ட் போயி உறைபெட்டியிலயே செத்துப்போச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க அவர் கையெழுத்து வேணும். விடாம போன் அடிச்சேன், எடுக்கல."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. சடகோபனுக்கு நாற்காலி இல்லை என்றாயிற்று.

வடிவு குடுவையோடு போய் உறைபெட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். சடகோபனைக் கவிழ்க்க ஒரு குடுவை போதுமாயிருந்தது. பெட்டிக்குள்ளே செத்துக் கிடந்த ஈஸ்டை எழுப்ப எந்தச் சாமர்த்தியமும் உதவவில்லை. அன்றைக்கு அவள் அந்த நீராகாரத்தைக்கூடக் குடிக்கவில்லை.