ஓணான் யாருக்குத் தலையாட்டியது?

காட்டின் நடுவே ஒரு குளம். அதன் கரையில் கடமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. கூட்டத்தின் தலைவன் கொம்பையா. கொம்பு பெரியது. காது மட்டும் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கூட்டத்துக்குக் காவல், கண்ணுசாமி என்கிற ஆள்காட்டிக் குருவி. புல்லுக்குள் புலியின் மீசை அசைந்தாலே போதும், காடே அதிரக் கத்திவிடும். மான்கள் தப்பித்து ஓடும். இதற்குக் கண்ணுசாமி கேட்ட கூலி ஒன்றே ஒன்றுதான். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவை. குளக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே அதன் மனைவி வடிவு நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. 'காவல்காரன் கூடு' என்று மான்கள் அந்த இடத்தைச் சுற்றிப் போகும். ஒரு குளம்பும் அங்கே படாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆலோசகருக்கு என்ன வேலை? ஒரு நாள் கொம்பையாவின் ஆலோசகரான ஓணான் அதன் கொம்பில் ஏறி உட்கார்ந்தது.

"ஐயா, உங்க காவல்காரன் மத்தியானத்துல ஒரு கண்ணை மூடுறான், கவனிச்சீங்களா?"

"ஒரு கண்ணுதானே?"

"இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு. வேலை நிரந்தரம்னு தெரிஞ்சா தூக்கம் வரத்தானே செய்யும்? நாளைக்கு வேலை உண்டா இல்லையான்னு தெரியாம வெச்சுப் பாருங்க. இமையே கொட்டமாட்டான்!"

கொம்பையாவுக்கு இது பெரிய ஞானமாகப் பட்டது. மறுநாளே புது ஏற்பாடு வந்துவிட்டது. காவல் வேலை கேட்கும் பறவைகள் விடிந்ததும் மருதமரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும். ஓணான் யாரைச் சொல்கிறதோ அதற்கு அன்றைக்கு வேலை. அன்றைக்கு மட்டும் அதன் கூட்டை மான்கள் மிதிக்காது. மைனா வந்தது, தவிட்டுக்குருவி வந்தது. ஆந்தைகூட வந்து, வெளிச்சத்தில் கண் கூசி, மரத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டது.

"இன்னிக்கு நீயே பாரு கண்ணுசாமி," என்றது ஓணான்.

"நாளைக்குங்க?"

"நாளைக்கு நாளைக்குப் பார்க்கலாம்."

தினமும் இதே பதில்தான். தினமும் கண்ணுசாமிக்கே வேலை கிடைத்தது. ஆனால் கிடைக்கும் என்று ஒரு நாளும் தெரியவில்லை. தூக்கம் போயிற்று. புழுவைக் கொத்தி வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்து நின்றது.

ஒரு நாள் முயல் ஓடிய சத்தத்துக்குக் கத்திவிட்டது. "சும்மா சும்மா கத்தி மேய்ச்சலைக் கெடுக்கிறியே," என்றது கொம்பையா. அடுத்த நாள் வாயைத் திறக்கவே இல்லை. "சத்தத்தையே காணோம், வேலை பார்க்கிறியா இல்லையா?" என்றது கொம்பையா. அதற்கடுத்த நாள் கண்ணுசாமி யாருக்கும் தொந்தரவில்லாமல், மெதுவாக, தொண்டைக்குள்ளேயே கத்திப் பழகியது.

"நீ கூட்டுக்கு வர்ற, உன் மனசு மருதமரத்தடியிலயே நிக்குது," என்றது வடிவு.

"வேலை போனா இந்த முட்டை மேல எந்தக் கால் எப்ப விழும்னு யாருக்குத் தெரியும்? பேசாம இரு!" என்று கண்ணுசாமி சீறியது. சீறிய பிறகு அதற்கே அழுகை வந்தது. மனைவியிடம் அது ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

நாளைய வேலையைப் பற்றி இன்றே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா என்று யோசித்தது. ஒரு வழி தோன்றியது. பகல் முழுக்க ஓணானின் தலையைக் கவனிப்பது. மேலும் கீழுமாக ஆட்டினால் வேலை உண்டு, நிறுத்தினால் இல்லை. ஓணானோ பிறந்ததிலிருந்தே தலையாட்டுகிற ஜென்மம். வெயிலுக்கும் ஆட்டும், எறும்புக்கும் ஆட்டும். தூக்கமில்லாத தலைக்கு இது எங்கே உறைக்கும்? கண்ணுசாமி இமை கொட்டாமல் ஓணானையே பார்த்தது. ஆலோசகர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், புல்லை விலக்கிக்கொண்டு புலி வந்தது. வழக்கமான கத்தல் கேட்காததில் அதற்கே கொஞ்சம் ஏமாற்றம். கண்ணுசாமியின் முதுகுப் பக்கம் வந்து நின்றது.

"என்ன தம்பி, அப்படி என்னத்தைப் பார்க்கிறே?"

கண்ணுசாமி திரும்பவே இல்லை. "சத்தம் போடாதீங்கண்ணே. ஓணான் தலை நின்னுடுச்சு. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?"

புலி கொழுத்த கொம்பையாவைப் பார்த்தது. "நாளைக்குக் காவல் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தது.

அந்த நொடியில் கூட்டிலிருந்து வடிவு வீரிட்டுக் கத்தியது. அதற்கு வேலை இல்லை. அதனால் அதன் கண் புல்லின் மேல் இருந்தது. கொம்பையா துள்ளி விலகியது. தொடைச் சதையில் கொஞ்சம் புலிக்குப் போயிற்று, உயிர் மிஞ்சியது.

மாலையில் மருதமரத்தடியில் விசாரணை நடந்தது. கண்ணுசாமியை அன்றே நீக்கினார்கள்.

"வடிவு நல்லா கத்துறா. அவளையே வெச்சுக்கலாம்," என்றது கொம்பையா, காயத்தை நக்கிக்கொண்டே.

"நிரந்தரமாகவா?" என்று பதறியது ஓணான். "அப்புறம் அவளும் கெட்டுப்போவா ஐயா! காலையில வரிசைக்கு வரச் சொல்லுங்க, பார்க்கலாம்."

மறுநாள் கண்ணுசாமி அடைகாத்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் வேலையோடு போய்விட்டதால், பல நாளைக்குப் பிறகு முட்டைகள் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது. வடிவு மருதமரத்தடியில், மைனாவுக்கும் ஆந்தைக்கும் நடுவே, கழுத்தை நீட்டி நின்றது.

"அண்ணே, இப்ப தலையாட்டினது எனக்கா?" என்று ஆந்தையைக் கேட்டது.

அதன் கண் இப்போது புல்லின் மேல் இல்லை. புல்லுக்குள் புலி நிதானமாகப் படுத்திருந்தது. அதற்கு அவசரமில்லை. அதன் வேலை நிரந்தரம்.

நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்று நடுங்கவைத்தால், உழைப்பவனின் மனமும் கெடும், அவனை நம்பியிருக்கும் காவலும் கெடும்.