புளியமரத்தில் கட்டிய ஜெனரேட்டர்

"அம்மா, என் கரண்டை யாரோ திருடுறாங்க."

தவமணியம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பிடிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. பிடிச்சிருவேன்."

குழந்தைவேலு பாதி ஆயுளை ஒரு நூல் மில்லின் கேட்டில் கழித்தவர். உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் பையையும் தடவிப் பார்ப்பதே வேலை. மில் மூடிய பிறகு, தலை நரைத்த பிறகு, வெல்டிங் பழகினார். மனம் நிலைகொள்ளாத நாட்களில் இந்தக் குன்றேறி வந்து, உச்சிக் கோயிலருகே துறவியாக வாழும் தவமணியம்மாவின் எதிரே உட்காருவார். அம்மா அவரைவிட இளையவர். இருந்தாலும் அவருக்கும் அம்மாதான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே வழுக்குப் பாறை. போன சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பெண் அங்கே சறுக்கி இடுப்பு ஒடிந்து கிடந்தாள். இந்தப் பௌர்ணமிக்குள் பாறையோரம் கைப்பிடிக் கம்பி நிற்க வேண்டும். ஊர் அந்த வேலையைக் குழந்தைவேலுவிடம் கொடுத்திருந்தது. அவருக்கு அதுதான் முதல் வேலை.

அது கெட்டால் மறுபடி காக்கிச் சட்டை. மறுபடி யாருடைய பையையாவது தடவ வேண்டும்.

"என்ன திருடு போச்சு?"

"ஜெனரேட்டர் கீழே இருக்குதுங்க. வெல்டிங் மெஷினை அதுக்குப் பக்கத்துல வெச்சு ராடை இரும்புல உரசினா தீ அணையாம நிக்குது. அதே மெஷின், அதே ராடு. மேலே கொண்டு வந்து, கீழேயிருந்து இழுத்த வயர்ல சொருகினா ராடு போய் இரும்புல ஒட்டிக்குது. பிடுங்கி எடுக்கிறதே வேலையாப் போச்சு. நடுவுல யாரோ வயர்ல கொக்கி போட்டுக் கரண்டை எடுக்கறாங்க."

"யாரு?"

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார்.

"அடிவாரத்துல தேங்காய் சூடம் விக்கிறானே, நாச்சிமுத்து. அவன் கடைக்குக் கரண்டே இல்லை. ஆனா ரேடியோ பாடுது."

"பேட்டரி போட்டிருப்பாரு."

"அப்படித்தான் அவனும் சொல்றான்."

அம்மா அடுப்பைத் தணித்தார்.

"ஜெனரேட்டர் ஏன் கீழே இருக்கு?"

"புளியமரம் கீழேதானுங்களே இருக்கு. சங்கிலி போட்டுக் கட்டியிருக்கேன். இங்க வெறும் பாறை. எதுல கட்டறது? அதுவும் இல்லாம, தூக்கிட்டு வர ஆள் வேணும். தூக்கினவன் நாளைக்கு அவனாவே தூக்கிட்டுப் போவான்."

"சரி. மேலேயிருந்து கீழே வரைக்கும் வயரைத் தொட்டுக்கிட்டே போங்க. கையை எடுக்கக் கூடாது. திருடன் எங்க இருக்கான்னு கை சொல்லும்."

"நான் போனா இங்க யாரு ராடு பிடிக்கிறது?"

"நான் பிடிக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. ஒட்டிக்கும். பிடுங்கி எடுக்கணும். அவ்வளவுதானே உங்களுக்கும் நடக்குது?"

அவர் கையுறையையும் முகமூடியையும் கொடுத்தார். கொடுக்கும்போது ஒருமுறை யோசித்தார்.

வயரைத் தொட்டுக்கொண்டு இறங்கினார். மேலே அம்மா உரசும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

வழுக்குப் பாறையில் வயர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்தார்.

கள்ளிப் புதருக்குள் நிழலில் ஓடியது. அங்கும் வெதுவெதுப்பு.

கொக்கி எங்கும் இல்லை.

நாச்சிமுத்து கடை வாசலில் நின்று பார்த்தார்.

"என்னங்கண்ணா, வயரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க? கண்ணுல ஏதாச்சும் கோளாறா?"

குழந்தைவேலு கடைக்குள் எட்டிப் பார்த்தார். ரேடியோவின் முதுகு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேட்டரி.

புளியமரத்தடிக்கு வந்தார். மிச்ச வயரைச் சுருட்டி, யார் கண்ணிலும் படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். சாக்குக்குள் கையை விட்டார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மேலேறினார்.

"திருடனைப் பாத்தீங்களா?"

"வயர் சுடுதுங்க."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். சாக்குல மூடி வெச்சிருந்த சுருள்ல கையே வெக்க முடியல." மூச்சு வாங்கினார். "கரண்டு இங்க வந்து சேர்றதுக்குள்ள பாதி வயர்லயே சூடாப் போயிருதுங்க."

"இவ்வளவு நீளம் யாரு இழுத்தது?"

குழந்தைவேலு கீழே புளியமரத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டே இறங்கினார்.

"நாச்சிமுத்து, ஜெனரேட்டரை மேலே கொண்டு போகணும். ஒரு கை பிடிக்கிறீங்களா?"

நாச்சிமுத்து ஒரு மூங்கிலை எடுத்து வந்தார்.

"தூக்கிக் கட்டக் கயிறு இல்லீங்களே."

"இல்லை."

"இந்தச் சங்கிலி சும்மாதானே மரத்தைச் சுத்திக்கிட்டிருக்கு?"

சங்கிலியால் ஜெனரேட்டரை மூங்கிலில் கட்டினார்கள்.

"ஏறும்போது பாரம் பின்னால வர்றவனுக்குத்தான். நான் பின்னால வர்றேன்" என்றார் குழந்தைவேலு.

"வேண்டாங்க. நீங்க பின்னால வந்தா வழி பூரா என் இடுப்புல என்ன ஒளிச்சிருக்கேன்னே பாத்துக்கிட்டு வருவீங்க. முன்னால நடங்க."

முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு படியிலும் பின்னாலிருந்து நாச்சிமுத்துவின் மூச்சு மட்டும் கேட்டது.

பாறைமேல் இறக்கி வைத்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, எஞ்சின் சத்தம் ஒரே சீராகும் வரை குழந்தைவேலு காத்திருந்தார். பிறகு மெஷினைச் சொருகினார். கைநீள வயர். ராடை உரசினார்.

தீ அணையாமல் நின்றது.

அன்று வெயில் சாயும்வரை நின்றது. கம்பி தூணோடு சேர்ந்தது. அடுத்த தூண். அதற்கடுத்த தூண். நாச்சிமுத்து கடைக்குப் போய்விட்டு, சோடா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குழந்தைவேலு மூடியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

கடைசித் தூண் முடிந்தது. முகமூடியைக் கழற்றினார். சங்கிலியைக் கையில் எடுத்தார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அம்மா, ராத்திரிக்கு இதை எதுல கட்டிப் பூட்டறது?"

தவமணியம்மா கைப்பிடிக் கம்பியைக் காட்டினார்.

"இதுலயே கட்டுங்க."

குழந்தைவேலு பக்கத்துத் தூணில் தான் பற்றவைத்த இடத்தின்மேல் விரலை ஓட்டினார். மேடும் பள்ளமுமாக இருந்தது.

"எவனாச்சும் பலமா இழுத்தா இது தாங்குமாங்க?"

"என்னைக் கேக்கறீங்களா?"

அவர் சங்கிலியைக் கீழே போட்டார். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க, சுத்தியலை எடுத்துக்கொண்டு முதல் தூணுக்குப் போனார்.