முடிவுகள் ஏதுமில்லை

"உலகத்துல என்னை மாதிரி ஒருத்தன் கிடையாதும்மா. நாளைக்குக் காலைல நான் கிளம்பிடறேன்" என்றார் தெய்வசிகாமணி.

வேதநாயகி அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தாறு. மலையடிவாரத்து ஆசிரமத்தில் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

"யாரு சொன்னாங்க?"

"நம்ம வெப்சைட்டே சொல்லுது."

அம்மாவுக்கு வரும் கடிதங்களை, எழுதியவர்கள் சம்மதித்தால், பெயரும் ஊரும் நீக்கி ஆசிரமத்தின் இணையதளத்தில் போடுவார்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களின் கடிதத்தைத் தேடிப் படித்துக்கொள்ளலாம். கோபம், பயம், பிள்ளைகள், துணையை இழந்தவர்கள், நிம்மதி என்று ஓரமாக இருபது வகைகள் இருக்கும். ஒன்றில் டிக் அடித்தால் அந்த வகைக் கடிதங்கள் வரும். இரண்டில் அடித்தால் இரண்டுக்கும் பொருந்துகிறவை மட்டும் வரும்.

மூவாயிரத்துச் சொச்சம் கடிதங்களையும் படித்து வகை பிரித்தவர் தெய்வசிகாமணிதான். மனுஷருக்கு ஒழுங்கு என்றால் உயிர்.

"எதுல டிக் அடிச்சீங்க?"

"துணையை இழந்தவர்கள்."

"சரி."

"அப்புறம் இன்னொண்ணுலயும்."

அம்மா தண்டிலிருந்து வந்த நாரை விரலில் சுற்றி எடுத்தார். கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைத்தான் தெய்வசிகாமணியால் தாங்க முடியவில்லை.

"நிம்மதியில அடிச்சேம்மா."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

அவர் மனைவி பொன்னரசி ஆறு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவர்தான். கடிதங்களில் பாதியை அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரித்தார். ஐந்து மாதத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆசிரமத்துக்கே வந்துவிட்டார்.

"அவ மூச்சு நின்னதும் எனக்கு முதல்ல அழுகை வரலம்மா. அப்பாடான்னு இருந்துச்சு. அழுகை அப்புறம்தான் வந்துச்சு. அது இன்னும் நிக்கல. ஆனா முதல்ல வந்தது அது."

"ம்."

"பொண்ணு தினம் போன் பண்றா. சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கறா. ஆச்சும்மான்னு வெச்சிடறேன். இதை அவகிட்ட எப்படிச் சொல்ல முடியும்? வேற யாருக்காவது இப்படி இருந்திருக்குமான்னு இன்னைக்குத் தேடினேன். முடிவுகள் ஏதுமில்லைன்னு வருது. மூவாயிரம் பேர்ல ஒருத்தர்கூட இல்ல. அப்ப நான் என்ன மனுஷன்?"

அம்மா நறுக்கிய வில்லைகளை மோர்த் தண்ணீரில் போட்டார்.

"கடுதாசியெல்லாம் எப்படிப் பிரிச்சீங்க, ஐயா?"

அந்த நிலைமையிலும் தெய்வசிகாமணியின் முதுகு நிமிர்ந்தது.

"முப்பத்து நாலு வருஷம் ரயில்ல தபால் பிரிச்சவன்மா நான். ஒரு கடுதாசிக்கு ஒரு அறை. இதுக்கும் இருக்கட்டும், அதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு அறையில வெச்சா அது எங்கயும் போய்ச் சேராது."

"துணையை இழந்தவங்க அறையிலேருந்து ஒண்ணு எடுத்துப் படிங்க."

"எதைம்மா?"

"எட்டு பத்து வருஷம் பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாராவது எழுதியிருப்பாங்க. அதுல ஒண்ணு."

அவர் மடிக்கணினியைத் திறந்தார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"எட்டு வருஷம் அவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். மறுநாள் காலை ஏழு மணிவரை தூங்கினேன். எட்டு வருஷத்தில் நான் அப்படித் தூங்கினதே இல்லை. எழுந்து உட்கார்ந்து, நன்றாகத் தூங்கினதற்காக..."

குரல் நின்றுவிட்டது.

"படிங்க."

"...தூங்கினதற்காகவும் அழுதேன்."

தெய்வசிகாமணி கடிதத்தின் முதல் வரிக்குத் திரும்பிப் போனார்.

"இதை நான் படிச்சிருக்கேம்மா. புருஷன் போயிட்டார்னு முதல் வரியிலயே தெரிஞ்சுது. அந்த அறையில போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

அம்மா நாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இன்னொரு டிக் போடட்டுமா?"

"போய்ச் சேராதுன்னு சொன்னீங்களே."

அவர் டிக் போட்டார். திரும்பவும் தேடினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. ஒரு கடிதம் வந்தது.

முன்பின் தெரியாத ஒருத்தி, எந்த ஊரோ, என்ன பெயரோ. அவள் எழுதியதைப் பார்த்து அவர் தோள் குலுங்க அழுதார். ஐந்து மாதத்தில் தனியாக அழாத அழுகை அது ஒன்றுதான்.

"நாளைக்குக் கிளம்பறீங்களா?"

"இல்லம்மா. எனக்கு இது போதும்."

அம்மா அரிவாள்மனையை மடக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

திரையின் அடியில், நிர்வாகிக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. 'கிடைக்காத தேடல்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

"இதை எப்பவாவது திறந்து பார்த்திருக்கீங்களா, ஐயா?"

"இல்லம்மா. அதுல கடுதாசி எதுவும் இருக்காதே."

அம்மா அதை அழுத்தினார்.

பட்டியல் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. யாரோ டிக் அடித்த வகைகளும் எத்தனை தடவை என்ற கணக்கும் மட்டும் இருந்தன. மூன்றாவது வரியில் அம்மா விரலை வைத்தார்.

துணையை இழந்தவர்கள், நிம்மதி. எதிரே அறுபத்து நாலு என்று இருந்தது.

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, நான் ஒரு தடவைதானே தேடினேன்."