மறுபடியும் உச்சிக்கு

"இந்த வருஷம் கொடி அரைக்கம்பத்துலதான் பறக்கும். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்கம்மா" என்றார் மாசிலாமணி.

சுதந்திர தினத்தன்று மடத்தில் கொடியேற்றுவது வயதில் மூத்த சீடரின் வேலை. மாசிலாமணி எல்லோருக்கும் மூத்தவர். குருவான மங்கையம்மாவுக்கும் மூத்தவர்.

அவருடைய ஒரே மகன் ஆனி மாதம் எல்லையில் இறந்துபோனான். அன்றிலிருந்து அவர் மகனின் பெயரை வாயில் எடுக்கவில்லை. யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவார். பாவம், மனிதருக்கு அழுகைகூட வரவில்லை.

மடத்தில் சமையல் பார்க்கும் சங்கிலி பதறிப்போனார்.

"நல்ல நாளும் அதுவுமா அரைக்கம்பமா? வெள்ளைக்காரன் காலத்துல கொடி பிடிச்சதுக்கே இந்த வாசல்ல அடி வாங்கியிருக்காங்க. ஊரு என்ன பேசும்?"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்றார் அம்மா. "அய்யா இஷ்டப்படி செய்யட்டும்."

காலையில் ஊர் கூடியது. மாசிலாமணி கயிற்றை இழுத்தார். கொடி பாதிக்கம்பம் ஏறியதும் நிறுத்தினார்.

"அங்க இல்ல" என்றார் அம்மா.

"நீங்கதான சரின்னீங்க?"

"அரைக்கம்பத்துக்கும் ஒரு முறை இருக்கு அய்யா. முதல்ல உச்சிக்குப் போகணும். அப்புறம்தான் இறக்கணும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். உடனே இறக்கினார். அண்ணாந்து பார்க்கவே இல்லை. மகனின் பெட்டிமேல் போர்த்தி வந்ததும் இதே மூவர்ணம்தான்.

ஊர் மிட்டாயை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி கலைந்தது.

பொழுது சாயும் நேரம். கொடியை இறக்க மாசிலாமணி தனியாக வந்து முடிச்சை அவிழ்த்தார். அம்மாவும் வந்து நின்றார்.

"உச்சிக்கு அய்யா."

"இறக்கத்தானம்மா போறேன்!"

"இறக்குறதுக்கும் உச்சிக்குப் போய்த்தான் வரணும்."

"மறுபடியுமா? என்னால முடியலம்மா." அவர் குரல் உடைந்தது.

அம்மா அவருக்குப் பக்கத்தில் வந்து தானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மாசிலாமணி இழுத்தார். இந்தத் தடவை மெதுவாக. கொடி ஏற ஏற அவர் தலையும் நிமிர்ந்தது. உச்சியில் காற்று பிடித்துக்கொள்ள, கொடி முழுசாக விரிந்தது.

அவர் இறக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய, பார்த்துக்கொண்டே நின்றார்.

"குமரவேலு" என்றார்.

பிறகு, தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல், உரக்கக் கூப்பிட்டார்.

"ஏலே, குமரவேலு!"