தலைவர் வண்டியின் உறுமல்

"நான் வர்றது மூணு தெருவுக்கு முந்தியே தெரியணும்டே. வண்டி அடிவயித்துல இருந்து உறுமணும்!"

ஊராட்சித் தலைவர் பூல்பாண்டி தன் எஸ்யூவியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவிட்டு அதட்டினார். மெக்கானிக் இசக்கி நாலு சைலன்சரை மாட்டிக் காட்டி, இருப்பதிலேயே கனத்த சத்தத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அவன் வீட்டுக் குழாய் ஆறு மாதமாய் வெறும் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாளே தலைவர் பதறியடித்து வந்தார்.

"எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் பொம்பளைங்க காலிக் குடத்தோட மறிக்காவடே! முந்தியெல்லாம் சத்தமில்லாம போயிருவேன். இதைக் கழத்து!"

"கழத்திரலாம் அண்ணாச்சி. தலைவர் பயந்துட்டாருன்னு ஊரு பேசுமே? குழாயில தண்ணி விட்டாலும் வழி விட்டுருவாவ."

நாலே நாளில் தண்ணீர் வந்தது. தெருமுனையில் உறுமல் கேட்டதும், குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த இசக்கியின் மனைவி நிமிராமலே அவனிடம் சொன்னாள்: "நல்ல சைலன்சராத்தான் பாத்து மாட்டியிருக்கீங்க."