கொடிக்கு ஒரு இலை

ஜமீன் கொடி பறந்த காலம் அது. "கொடியும் நானும் ஒண்ணு" என்பார் ஜமீன்தார். கொடியைக் கும்பிடாமல் போன வண்டிக்காரன் மாடக்கண்ணுவைக் கொட்டடியில் அடைத்துவிட்டார். அவன் பெண்சாதி வெள்ளைத்தாய் அரண்மனைச் சமையல்காரி.

மறுநாள் அவள் கொடிக்கம்பத்தடியில் தலைவாழை இலை விரித்து, நெய்ச்சோறு, பாயசம் என்று ஆக்கியது அத்தனையும் பரிமாறினாள். காக்கைகள் மொய்த்தன.

பசியோடு வந்த ஜமீன்தார் கத்தினார்: "என் சோறு எங்கே?"

"இப்பத்தானே மகாராசா கம்பத்தடியில சாப்பிட்டீங்க!"

"அது கொடிடீ! நான் வேற, அது வேற!"

"அப்படீன்னா எம்புருசனை எதுக்கு அடைச்சீங்க, மகாராசா?"

கொட்டடி திறந்த பிறகுதான் அடுப்பு எரிந்தது.

ஜமீனும் போச்சு, கம்பமும் போச்சு. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் மட்டும் இன்றைக்கும் ஆளில்லாமல் ஓர் இலை விழும். யாருக்கென்று கேட்டால் சிரிப்பார்கள்: "கொடிக்கு!"